மெய்யெண்கள்: இயற்கணிதம் தொடங்கும் மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பில் அடிக்கடி பார்க்கும் கேள்வி இது. √16, 22/7, 0.1010010001…, √12/√3 ஆகிய நான்கில் விகிதமுறா எண் (இரண்டு முழுக்களின் பின்னமாக எழுத முடியாத எண்) எது? மூலக்குறியைப் பார்த்ததும் விகிதமுறா எண் என்று எழுதுபவர்கள் உண்டு. 22/7 என்றாலே பை, பை என்றாலே விகிதமுறா எண் என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. √16 என்பது 4. √12/√3 என்பது √4, அதாவது 2. 22/7 வெறும் பின்னம். மிஞ்சுவது மூன்றாவது மட்டும்தான்.

எண்ணின் தோற்றத்தை நம்பாமல் முதலில் சுருக்கிவிட்டு, அப்புறம் அது எந்த வகை என்று கேட்பதுதான் இந்தப் பாடத்தில் பாதி வேலை. இயற்கணிதத்தில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எந்தப் பண்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி. இரண்டாவதைத்தான் பெரும்பாலும் மனப்பாடப் பட்டியலாக்கி விட்டுவிடுகிறோம். இங்கே அதற்கு அதிக இடம் தருகிறேன்.

படி 1: எண் குடும்பத்தை வரிசைப்படுத்துங்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். 1, 2, 3… என்று எண்ணப் பயன்படுபவை இயல் எண்கள். அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். 3-லிருந்து 8-ஐக் கழிக்க வேண்டும் என்றால் முழு எண்கள் போதாது. எதிர் எண்களையும் சேர்த்துக்கொள்கிறோம், அவை முழுக்கள். 3-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும் என்றால் முழுக்களும் போதாது. விகிதமுறு எண்கள் வருகின்றன. p, q இரண்டும் முழுக்களாகவும் q பூச்சியம் அல்லாததாகவும் இருந்து, p/q என்று எழுத முடிந்தால் அது விகிதமுறு எண்.

ஒவ்வொரு கணமும் அடுத்ததற்குள் அடங்கும். 5 என்பது இயல் எண், முழு எண், முழு, விகிதமுறு எண் (5/1), மெய்யெண் எல்லாம்தான். "−7 எந்தெந்தக் கணங்களில் அடங்கும்?" என்று கேட்டால் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. முழு எண்களில் எதிர் எண் கிடையாது, முழுக்களில் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் அவசரத்தில் மாற்றி எழுதிவிடுவது சகஜம்.

படி 2: தசம விரிவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து 1-ஐ 7-ஆல் நீள் வகுத்தல் முறையில் வகுத்துப் பாருங்கள். கால்குலேட்டர் வேண்டாம், ஈவைவிட மீதியைத்தான் கவனிக்க வேண்டும். 10-ல் ஒரு முறை, மீதி 3. 30-ல் நான்கு முறை, மீதி 2. 20-ல் இரண்டு முறை, மீதி 6. 60-ல் எட்டு முறை, மீதி 4. 40-ல் ஐந்து முறை, மீதி 5. 50-ல் ஏழு முறை, மீதி 1. மறுபடி 1 வந்துவிட்டது! இனி நடந்ததே திரும்ப நடக்கும். அதனால்தான் 1/7 = 0.142857142857… என்று அதே ஆறு இலக்கங்கள் சுழல்கின்றன.

7-ஆல் வகுக்கும்போது வரக்கூடிய மீதிகள் 0 முதல் 6 வரை மட்டுமே. 0 வந்தால் வகுத்தல் முடிந்துவிடும். வராவிட்டால், ஆறு படிகளுக்குள் ஏதோ ஒரு மீதி இரண்டாம் முறை தலைகாட்டியே தீரும். எந்தப் பகுதிக்கும் இதே நியாயம்தான். ஆகவே விகிதமுறு எண்ணின் தசம விரிவு ஒன்று முடிவுறும், இல்லையென்றால் சுழலும். மூன்றாவது வழி கிடையாது.

எது முடியும், எது சுழலும் என்று வகுக்காமலே சொல்லலாம். பின்னத்தை முதலில் எளிய வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பகுதியைப் பகாக் காரணிப்படுத்துங்கள். 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் முடிவுறு தசமம். இருந்தால் சுழல் தசமம். 7/80-ல் பகுதி 2⁴ × 5. பெரிய அடுக்கு 4, ஆகவே நான்கு தசம இடங்களில் முடியும்: 0.0875. 6/15-ஐப் பார்த்தால் பகுதியில் 3 இருக்கிறது, சுழலும் என்று தோன்றும். சுருக்கினால் 2/5, அதாவது 0.4. "எளிய வடிவுக்கு" என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

எதிர்த்திசையும் தெரிய வேண்டும். 0.2454545… என்பதைப் பின்னமாக்குவோம். இதை x என்க. சுழலும் பகுதி தசமப் புள்ளிக்கு ஒட்டி வரும்படி முதலில் 10-ஆல் பெருக்கினால், 10x = 2.454545…. சுழல்வது இரண்டு இலக்கங்கள் என்பதால் மேலும் 100-ஆல் பெருக்கினால், 1000x = 245.454545…. கழித்தால் வால் முழுதும் அடிபட்டு 990x = 243. ஆக x = 243/990 = 27/110.

இதே முறையை 0.999… மீது போட்டால் 10x − x = 9, x = 1 என்று வரும். பலருக்கு இது ஏமாற்று வேலை போலத் தோன்றும். 1/3 = 0.333… என்பதை யாரும் மறுப்பதில்லையே. அதன் இரு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினால் அதே முடிவுதான். 0.999…, 1 இரண்டும் ஒரே எண்ணின் இரண்டு எழுத்து வடிவங்கள்.

படி 3: விகிதமுறா எண்ணைக் கையில் பிடியுங்கள்

ஏ4 தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 210 மி.மீ., நீளம் 297 மி.மீ. குறுகிய விளிம்பு நீண்ட விளிம்பின் மேல் பொருந்தும்படி ஒரு மூலையை மடித்தால், சதுரம் செய்யும்போது கிடைக்கும் சாய்வு மடிப்பு கிடைக்கும். அந்த மடிப்பு 210 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். இன்னொரு ஏ4 தாளின் நீண்ட விளிம்பை அதன் மேல் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். மூலைவிட்டம் 210√2, ஏறக்குறைய 296.98 மி.மீ.; வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. பாதியாக மடித்தாலும் அதே வடிவம் வர வேண்டும் என்பதற்காக, இந்தத் தாள் அளவுகளை √2 விகிதத்தில் அமைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் √2 = 297/210 = 99/70 என்று எழுதிவிடலாமா? சோதிப்போம். 99² = 9801. 70²-இன் இருமடங்கு 9800. ஒன்று மட்டும் உதைக்கிறது. வேறு பின்னங்களைப் பார்த்தால் 7/5-க்கு 49-உம் 50-உம், 17/12-க்கு 289-உம் 288-உம். வேள்விக் குண்டங்களின் அளவைகளைச் சொல்லும் பழைய சுல்ப சூத்திரங்களில் √2-க்குத் தரப்பட்டிருக்கும் மதிப்பு 1 + 1/3 + 1/(3×4) − 1/(3×4×34). கூட்டினால் 577/408, அதாவது 1.41421568…. ஐந்து தசம இடங்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் 577² = 332929, 408²-இன் இருமடங்கு 332928. இங்கேயும் அந்த ஒன்று!

எவ்வளவு பெரிய எண்களை எடுத்தாலும் சரியாகப் பொருந்தவே பொருந்தாது. காரணத்தைப் பகாக் காரணிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். √2 = p/q என்றால் p² = 2q². எந்த எண்ணின் வர்க்கத்திலும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை முறைதான் வரும், ஏனென்றால் வர்க்கம் என்பது அதே எண்ணை இரண்டு முறை எழுதுவது. ஆகவே இடப்பக்கத்தில் 2 என்ற காரணி இரட்டைப்படை முறை இருக்கிறது. வலப்பக்கத்தில் q²-க்குள் இரட்டைப்படை முறை, வெளியே இன்னொரு 2, மொத்தம் ஒற்றைப்படை. ஒரே எண்ணுக்கு இரண்டும் இருக்க முடியாது. முரண்பாடு, எனவே √2 விகிதமுறா எண்.

p-யும் இரட்டை எண், q-வும் இரட்டை எண் என்று போகும் நிரூபணம்தான் வழக்கமாகச் சொல்லித்தரப்படுகிறது. தேர்வில் அதையே எழுதுங்கள். புரிந்துகொள்வதற்கு எனக்குப் பிடித்தது மேலே உள்ள வழி. √3, √6, √12 எதற்கும் இதே வழியைப் பயன்படுத்தலாம்; 2-க்குப் பதில் 3 என்ற காரணியை எண்ணினால் போதும். ஓர் இயல் எண் முழு வர்க்கமாக இல்லையென்றால் அதன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்ற பொது விதியும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

விகிதமுறா எண்ணின் தசம விரிவு முடியாது, சுழலவும் சுழலாது. 0.1010010001… என்பதில் ஒழுங்கு தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். ஒழுங்கு இருக்கிறது, சுழற்சி இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பூச்சியம் கூடிக்கொண்டே போகிறது. π-யும் விகிதமுறா எண்தான். அதை நிரூபித்தவர் கணிதவியலாளர் லாம்பெர்ட், 1760-களில். 22/7 = 3.142857…, π = 3.141592…. மூன்றாவது தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கணக்குக்கு 22/7 எடுத்துக்கொள் என்று வினாத்தாள் சொல்வது வசதிக்காக மட்டும்.

படி 4: இரண்டையும் கலந்தால் என்ன வரும்?

விகிதமுறு எண்ணோடு விகிதமுறா எண்ணைக் கூட்டினால் விகிதமுறா எண்தான் வரும். 3 + √2 விகிதமுறு எண் என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து 3-ஐக் கழித்தால் கிடைக்கும் √2-வும் விகிதமுறு எண்ணாக வேண்டும், அது முடியாது. பெருக்கலிலும் இதே கதை. ஒரு விலக்கு மட்டும் உண்டு: பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம் வந்துவிடும்.

இரண்டு விகிதமுறா எண்கள் சேர்ந்தால் எதுவும் நடக்கலாம். √2 + √3 விகிதமுறா எண். (2 + √3) + (2 − √3) = 4. (√5 + 1)(√5 − 1) = 5 − 1 = 4. ஆகவே "விகிதமுறா எண்கள் கூட்டலில் அடைவு பெற்றவை" (அதாவது எந்த இரண்டைக் கூட்டினாலும் விகிதமுறா எண்ணே வரும்) என்பது சரியா தவறா என்று கேட்டால், தவறு என்று எழுதி இப்படி ஓர் எடுத்துக்காட்டைப் போட்டாலே போதும்.

விகிதமுறு எண்களும் விகிதமுறா எண்களும் சேர்ந்ததுதான் மெய்யெண்கள். எதிர் எண்ணின் வர்க்கமூலத்துக்கு அங்கே இடமில்லை. எந்த மெய்யெண்ணை வர்க்கப்படுத்தினாலும் எதிர் எண் வராது என்பதால் √−4 மெய்யெண் அல்ல. மூலக்குறிக்கு முன்னால் குறி நிற்கும் −√4 மெய்யெண்தான், அது −2.

படி 5: எண்கோட்டில் நிறுத்துங்கள்

எண்கோட்டில் 0-லிருந்து 1 வரை ஓர் அலகு. 1-இல் ஓர் அலகு உயரத்துக்குச் செங்குத்துக் கோடு வரைந்து, அதன் உச்சியை 0-வோடு இணைத்தால் கர்ணம் √2. கவராயத்தின் முனையை 0-வில் ஊன்றி, கர்ணத்தின் அளவுக்கு விரித்து, எண்கோட்டை வெட்டும்படி வில் வரைந்தால் அந்த இடம் √2. அந்தப் புள்ளியிலிருந்து மறுபடி ஓர் அலகு செங்குத்து எழுப்பினால் அடுத்த கர்ணம் √3. √5 வேண்டுமென்றால் அடி 2, உயரம் 1.

கவராயம் இல்லாமலும் நெருங்கலாம். 1.4² = 1.96, 1.5² = 2.25, ஆகவே √2 இவற்றுக்கு நடுவில். 1.41² = 1.9881, 1.42² = 2.0164. 1.414² = 1.999396, 1.415² = 2.002225. ஒவ்வொரு படியிலும் இடைவெளி பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. எங்கும் நிற்பதில்லை.

எந்த இரண்டு விகிதமுறு எண்களுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு, சராசரி எடுத்தால் போதும். இவ்வளவு நெருக்கமாக இருந்தும் விகிதமுறு எண்களால் மட்டும் கோடு நிறைவதில்லை. √2 இருக்கும் இடத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்த பிறகே மெய்யெண் கோடு முழுமையாகிறது. இதைத் துல்லியமாக வரையறுத்து கணிதவியலாளர் டெடகிண்டு 1872-இல் வெளியிட்டார். பள்ளிக்கு அந்த வரையறை தேவையில்லை. எண்கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மெய்யெண், ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் ஒரு புள்ளி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

படி 6: பண்புகளை வரிக்கு வரி பயன்படுத்துங்கள்

a, b, c எந்த மெய்யெண்களாக இருந்தாலும்:

- அடைவுப் பண்பு: a + b, ab இரண்டும் மெய்யெண்களே.
- பரிமாற்றுப் பண்பு: a + b = b + a; ab = ba.
- சேர்ப்புப் பண்பு: (a + b) + c = a + (b + c); (ab)c = a(bc).
- சமனி: a + 0 = a; a × 1 = a.
- நேர்மாறு: a + (−a) = 0; a பூச்சியம் இல்லையென்றால் a × (1/a) = 1.
- பங்கீட்டுப் பண்பு: a(b + c) = ab + ac.

பட்டியல் அவ்வளவுதான். இனி 3(x − 2) = x + 8 என்ற சமன்பாட்டை மெதுவாகத் தீர்ப்போம்.

3x − 6 = x + 8. பங்கீட்டுப் பண்பு.
2x − 6 = 8. இரு பக்கமும் x-இன் கூட்டல் நேர்மாறான −x-ஐச் சேர்த்தோம்.
2x = 14. இரு பக்கமும் 6 கூட்டினோம்; −6 + 6 = 0, 2x + 0 = 2x என்பதால் நேர்மாறும் சமனியும் வேலை செய்தன.
x = 7. 2-இன் பெருக்கல் நேர்மாறான 1/2-ஆல் இரு பக்கமும் பெருக்கினோம்.

சரிபார்த்தால் இடப்பக்கம் 3 × 5 = 15, வலப்பக்கம் 7 + 8 = 15.

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று ஒரு குறுக்குவழி எல்லா இடத்திலும் சொல்லித்தரப்படுகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆரம்பத்திலாவது. 3x = 12 என்பதை x = 12 − 3 என்று எழுதுவது அதன் பக்க விளைவு. 3 இங்கே கூட்டப்பட்டிருக்கவில்லை, பெருக்கப்பட்டிருக்கிறது. அதை நீக்கப் பெருக்கல் நேர்மாறுதான் வேண்டும். எந்த நேர்மாறு என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தவறு வராது.

கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் பரிமாற்றுப் பண்போ சேர்ப்புப் பண்போ கிடையாது. (8 − 5) − 2 = 1; 8 − (5 − 2) = 5. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் −1-ஆல் பெருக்கப்படுகிறது: −(x − 5) = −x + 5.

எதிர் எண்ணை எதிர் எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது? இரண்டு கடன்களின் பெருக்கல் சொத்து என்ற பொருளில் பிரம்மகுப்தர் 628-லேயே விதி எழுதிவிட்டார். காரணம் பங்கீட்டுப் பண்பில் இருக்கிறது. (−1) × (1 + (−1)) என்பது (−1) × 0, அதாவது 0. அதையே பங்கிட்டால் (−1) × 1 + (−1) × (−1) = 0. முதல் உறுப்பு −1. அதோடு சேர்ந்து 0 தர வேண்டிய இரண்டாவது உறுப்பு +1 ஆகத்தானே இருக்க முடியும்?

படி 7: பூச்சியத்திடம் கவனமாக இருங்கள்

பெருக்கல் நேர்மாறு இல்லாத ஒரே மெய்யெண் 0. இதை மறந்தால் 1 = 2 என்றே நிரூபித்துவிடலாம். a = b என்க. a² = ab. இரு பக்கமும் b² கழித்தால் a² − b² = ab − b². காரணிப்படுத்தினால் (a + b)(a − b) = b(a − b). பொதுக் காரணியை அடித்தால் a + b = b, அதாவது 2b = b, 2 = 1. ஒவ்வொரு வரியும் ஒழுங்காகத்தான் தெரிகிறது. a = b என்பதால் a − b பூச்சியம்; அதை அடித்த இடத்தில்தான் கோளாறு.

தேர்வில் இதே தவறு வேறு வேடத்தில் வரும். x² = 5x என்பதை இரு பக்கமும் x-ஆல் வகுத்து x = 5 என்று முடித்துவிடுவார்கள். x பூச்சியமாக இருக்கலாமே! x² − 5x = 0, x(x − 5) = 0 என்று எழுதுங்கள். இரு மெய்யெண்களின் பெருக்கல் 0 என்றால் ஒன்றாவது 0. ஆகவே x = 0 அல்லது x = 5.

படி 8: வரிசைப் பண்பு

இரு மெய்யெண்களில் ஒன்று பெரியது, சிறியது, இல்லையென்றால் இரண்டும் சமம். எதைக் கூட்டினாலும் கழித்தாலும் வரிசை மாறாது. எதிர் எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ புரண்டுவிடும்: 2 < 3, ஆனால் −2 > −3. ஆகவே −2x < 6 என்றால் x > −3. சந்தேகம் வந்தால் x = 0 என்று போட்டுப் பாருங்கள்; 0 < 6 உண்மை, 0 > −3 உண்மை.

படி 9: மூலங்களைச் சுருக்குங்கள்

a, b எதிர் எண்கள் அல்ல என்றால் √a × √b = √(ab). இதை வைத்து √50 = √25 × √2 = 5√2. √18 + √8 = 3√2 + 2√2 = 5√2; இந்தக் கடைசிக் கூட்டலும் பங்கீட்டுப் பண்புதான், (3 + 2)√2.

கூட்டலுக்குள் மூலக்குறி பிரிந்து போகாது. √(9 + 16) = 5; √9 + √16 = 7. (a + b)² என்பதை a² + b² என்று எழுதுவதும் இதே வகைத் தவறு. பெருக்கலுக்கு உள்ள சலுகையைக் கூட்டலுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

பகுதியில் மூலம் இருந்தால் விகிதப்படுத்தச் சொல்வார்கள், அதாவது பகுதியை விகிதமுறு எண்ணாக மாற்றச் சொல்வார்கள். 1/(3 + √2)-க்கு மேலும் கீழும் (3 − √2)-ஆல் பெருக்கினால் பகுதி 9 − 2 = 7; விடை (3 − √2)/7. இது எதற்கு என்று கேட்டால், 1-ஐ 1.41421-ஆல் கையால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் 1.41421-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டும் 1/√2-இன் மதிப்புதான், 0.7071.

√(x²) என்பது எப்போதும் x அல்ல. x = −6 என்றால் √36 = 6. மூலக்குறி எதிர் எண்ணைத் தராது. ஆகவே √(x²) என்பது x-இன் மட்டு மதிப்பு, அதாவது கழித்தல் குறி இருந்தால் அதை நீக்கிய மதிப்பு.

செய்து பாருங்கள்

1. 13/125 எத்தனை தசம இடங்களில் முடியும்?
2. 0.333… + 0.666… எவ்வளவு?
3. (√7 + √3)(√7 − √3) விகிதமுறு எண்ணா?
4. √75 − √27-ஐச் சுருக்குக.
5. √((1 − √2)²) எவ்வளவு?

விடைகள்: முதலாவது, பகுதி 5³ என்பதால் மூன்று இடங்கள், 0.104. இரண்டாவது, 1. மூன்றாவது, ஆம், 4. நான்காவது, 5√3 − 3√3 = 2√3. ஐந்தாவதுக்கு 1 − √2 என்று எழுதியிருந்தால் படி 9-இன் கடைசிப் பத்தியை மறுபடி படியுங்கள்: √2 ஒன்றைவிடப் பெரியது, 1 − √2 எதிர் எண், ஆகவே விடை √2 − 1.